.315 துப்பாக்கியில் 8 மி.மீ. மவுசர் தோட்டா போடலாமா?

ஐயா, தாத்தாவிடமிருந்து முறைப்படி உங்கள் உரிமத்துக்கு மாறிய .315 துப்பாக்கிக்கு, கடலூரில் தெரிந்தவர் தருவதாகச் சொல்லும் 8 மி.மீ. மவுசர் தோட்டா பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தாது, போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

.315 அங்குலத்தை 25.4ஆல் பெருக்கினால் 8 மி.மீ. வருவது உண்மைதான், ஆனால் கேலிபர் என்பது குழலின் துளையளவைக் குறிக்குமே தவிர, தோட்டா அமரும் அறையின் வடிவத்தைச் சொல்லாது. நம் அரசுத் தொழிற்சாலைகளின் .315, பழைய ஆஸ்திரிய மான்லிகர் தோட்டாவின் வழிவந்தது: பித்தளைக் கூட்டின் நீளம் 50 மி.மீ., அடியில் விரல்நகம் தடுக்கும் அளவுக்குத் துருத்திய விளிம்பு. மவுசர் கூடோ 57 மி.மீ.; விளிம்பு துருத்தாமல் அடியையொட்டி ஒரு பள்ளம் ஓடும், வெடிக்கையில் எழும் அழுத்தமும் அதிகம். .308, .30-06 என்ற இரு தோட்டா வகைகளிலும் இதே குழப்பம் உண்டு. குண்டின் விட்டம் ஒன்றுதான், கூடுகள் முறையே 51, 63 மி.மீ.

குழலில் பொறித்திருப்பதைத் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முறையான அனுமதி இல்லாமல் தெரிந்தவரிடம் தோட்டா வாங்குவது சட்டப்படியும் தவறு. உரிமம் பெற்ற கடையில் வாங்கி, எண்ணிக்கையை உரிமத்தில் பதியச் செய்யுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த குழல் என்பதால், சுடுவதற்கு முன் துரு ஏறியிருக்கிறதா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடுங்கள்.