கேள்வி-பதில்: வில்லியம் ஜேம்ஸ் இன்னும் எதற்கு?

கேள்வி: அமெரிக்க உளவியலாளர், ஹார்வர்டு பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸைத் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள். சொந்தமாகச் சோதனை செய்து அவர் நிரூபித்தது ரொம்பக் குறைவு. மூளையையே படம் பிடித்துப் பார்க்கிற காலத்தில் 1890-இல் வந்த அவருடைய உளவியல் புத்தகம் எதற்கு?

பதில்: சோதனைக்கூட வேலை அவருக்கு அலுப்புத் தட்டியது உண்மைதான். 1892-இல் ஜெர்மனியிலிருந்து ஹ்யூகோ முன்ஸ்டர்பெர்க் என்ற உளவியலாளரை வரவழைத்து, ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். சரி, மூளையைப் படம் பிடிக்கிறவர் அதில் எதைத் தேடுகிறார்? கரடியைப் பார்த்துப் பயப்படுகிறோம், அதனால் ஓடுகிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உடம்பு முதலில் பதறுகிறது, அந்தப் பதற்றத்தை உணர்வதுதான் பயம் என்று 1884-இல் அதைத் திருப்பிப் போட்டவர் ஜேம்ஸ். உடலியலாளர் வால்டர் கேனன் 1927-இல் அதைக் கடுமையாக மறுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை. உணர்ச்சியில் உடம்புக்கு என்ன பங்கு என்று இன்று ஆராய்கிறவரும் ஜேம்ஸோடுதான் மல்லுக்கட்டுகிறார். மனதில் இடைவிடாமல் ஓடுகிற எண்ணங்களைக் குறிக்க நம் இலக்கிய விமர்சகர்கள் எழுதுகிற ‘நனவோடை’க்கு மூலமான ‘stream of consciousness’ என்ற ஆங்கிலத் தொடர் பரவியதும் நீங்கள் தள்ளிவைக்கிற அந்த 1890 புத்தகத்தால்தான்.

எனக்கு இவற்றையெல்லாம் விடப் பெரிதாகப் படுவது வேறு. 1934 டிசம்பரில், நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த பில் வில்சன் கைக்கு, சமய அனுபவங்களைப் பற்றி ஜேம்ஸ் 1902-இல் வெளியிட்ட நூல் வந்து சேர்ந்தது. ஹாட்லி என்ற குடிகாரர் தான் மீண்டு வந்த கதையைத் தன் வாயாலேயே சொல்வது அதில் இருக்கிறது. ஒரு ஹார்வர்டு பேராசிரியர் அதைக் குறுக்கே பேசாமல் கேட்டு, பரிகசிக்காமல், அப்படியே சான்றாக எடுத்துக்கொண்டார். கடவுள் இருக்கிறாரா என்ற வழக்குக்கு அங்கே அவர் போகவில்லை. அந்த மனிதருக்குள் என்ன நடந்தது, அதற்கப்புறம் எப்படி வாழ்ந்தார் என்று பார்த்தார். மறு வருடம் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் சேர்ந்து தொடங்கியதுதான், குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு. 1939-இல் அவர்கள் கொண்டுவந்த நூல் ஜேம்ஸைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

இன்று சென்னையிலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. ஒருவர் எழுந்து தன் குடிக் கதையைத் தானே சொல்கிறார், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பலருக்கு ஜேம்ஸ் யாரென்றே தெரியாது.