நிலாவுக்குப் போய் என்ன கண்டோம்? கேள்வி பதில்

நிலாப் பயணங்களைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் ஜியாலஜி பாடம் நடத்துகிறவன். அதனால் ராக்கெட்டைவிடக் கல்லைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன்.

கல்லூரி மாணவர், தேனி: கோடி கோடியாகச் செலவழித்துப் போய் வெறும் கல்லைத்தானே அள்ளிக்கொண்டு வந்தார்கள்?

அந்தக் கல்தான் பெரிய சம்பாத்தியம், தம்பி. அமெரிக்காவின் அப்பல்லோ பயணங்களில் 1969 முதல் 1972 வரை ஆறு முறை இறங்கி, பன்னிரண்டு பேர் நடந்து, மொத்தம் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

1971இல் அப்பல்லோ 15இல் போன டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஸ்பர் என்ற பள்ளத்தின் விளிம்பில் ஒரு கல்லைப் பார்த்தார்கள். புழுதி படிந்த இன்னொரு பாறையின்மேல் எடுத்து வைத்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் படிகங்கள் வெயிலில் மின்னின. எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வயது 400 கோடி ஆண்டுகளுக்கு மேல். அனார்த்தோசைட் என்ற பாறை அது.

அது ஏன் முக்கியம்? நிலா தொடக்கத்தில் உருகிய பாறைக் குழம்பாகக் கிடந்திருக்கிறது. கனமான கனிமங்கள் அடியில் இறங்க, லேசான வெள்ளைக் கனிமம் பால்மேல் ஆடை படிவதுபோல மேலே மிதந்து உறைந்தது. இன்றைக்கு நிலவில் வெளுப்பாகத் தெரிகிற மேட்டுப் பகுதிகள் எல்லாம் அந்த மேலோடுதான். ஒரு முழுக் கோளம் உருகுகிற அளவுக்குச் சூடு எங்கிருந்து வந்தது? அங்கேதான் பூமி கதைக்குள் வருகிறது. நிலாக் கற்களில் இருக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின், விகிதத்தை அளந்தால், அது பூமியின் பாறைகளோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. செவ்வாயிலிருந்து வந்த விண்கற்களில் அப்படி இல்லை. ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம் பூமியில் மோதியது, சிதறிய பொருள் திரண்டு நிலாவானது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

நம் பூமியில் அந்தக் காலத்துத் தடயம் அநேகமாக மிஞ்சவில்லை. மழையும் காற்றும் கண்டத்தட்டுகளின் நகர்வும் எல்லாவற்றையும் அழித்துவிட்டன. நிலாவில் அப்படியே கிடக்கிறது. பூமியின் குழந்தைப் பருவத்தைப் படிக்க வேண்டுமானால் நிலாவுக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டியிலும் இருக்கிறது. இஸ்ரோ அதை வெட்டி, நொறுக்கி, மாவாக்கித்தான் நிலா மண்ணுக்கு மாற்றாகப் பெங்களூருவில் பரப்பி, சந்திரயான் ஊர்தியை ஓட்டிப் பார்த்தது. கல்லைப் பற்றிக் கேட்டீர்களே, ஒரு நடை சித்தம்பூண்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பள்ளி ஆசிரியை, தூத்துக்குடி: நிலா நம்மை விட்டு விலகிக்கொண்டே போகிறது என்கிறார்கள். அதை எப்படி அளந்தார்கள்?

ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது. அளந்தது கண்ணாடியை வைத்து. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிய இடத்தில் ஒரு பலகையை வைத்துவிட்டு வந்தார்கள். அதில் வரிசைக்குப் பத்தாக நூறு படிகக் கண்ணாடிகள். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதே திசையில் திருப்பி அனுப்புகிற வெட்டு. அப்பல்லோ 14 இன்னொன்றை வைத்தது. அப்பல்லோ 15 வைத்ததில் முந்நூறு கண்ணாடிகள்.

பூமியிலுள்ள சில ஆய்வகங்களிலிருந்து அந்தப் பலகைகளை நோக்கி லேசர் துடிப்பை அனுப்புவார்கள். நிலாவைத் தொடுவதற்குள் ஒளிக்கற்றை சில கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். இரண்டரை நொடியில் திரும்பி வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய ஒளித்துகள்கள். அந்த நேரத்தைத் துல்லியமாக அளந்தால் தூரம் கிடைத்துவிடும். கரண்டு வேண்டாம், பழுது பார்க்க ஆள் வேண்டாம். ஐம்பது ஆண்டு தாண்டியும் வேலை செய்கிறது. அப்பல்லோவில் எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான்.

விலகுவதற்குக் காரணம் உங்கள் ஊர்க் கடலில் தினமும் ஏறி இறங்குகிற ஓதம். நிலாவின் இழுப்பால் கடல் புடைக்கிறது. பூமி வேகமாகச் சுழல்வதால் அந்தப் புடைப்பு நிலாவுக்குச் சற்று முன்னே போய்விடுகிறது. அது நிலாவை முன்னோக்கி இழுக்க, நிலா மெல்ல வெளியே நகர்கிறது. பதிலுக்குப் பூமியின் சுழற்சி குறைகிறது. நூறு ஆண்டுக்கு நாளின் நீளம் ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு கூடுகிறது. கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். 1963இல் ஜான் வெல்ஸ் என்பவர், ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளப் புதைபடிவங்களில் தினசரி வளர்ச்சிக் கோடுகளை எண்ணினார். ஓர் ஆண்டுக்குச் சுமார் 400 கோடுகள்! அப்போது நாள் 22 மணி நேரம்தான்.

அவரே மீண்டும்: அப்படியானால் ஒருநாள் நிலா காணாமல் போய்விடுமா?

போகாது. ஆனால் இன்னும் 60 கோடி ஆண்டு வாக்கில் நிலா சூரியனை முழுதாக மறைக்க முடியாத அளவுக்குச் சிறிதாகத் தெரியும். முழுச் சூரிய கிரகணம் அதோடு முடிந்தது.

வாசகர், யாழ்ப்பாணம்: நிலாவில் நின்றால் பூமி உதித்து மறைவதைப் பார்க்கலாமா?

முடியாது. நிலா எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதால், அங்கே நிற்பவருக்குப் பூமி வானில் ஏறக்குறைய ஒரே இடத்திலேயே நிற்கும். நாம் பார்க்கிற நிலாவைப் போல நான்கு மடங்கு அகலமாக, தேய்ந்து வளர்ந்துகொண்டு. மறுபக்கத்தில் நின்றால் பூமி கண்ணிலேயே படாது.

1968 டிசம்பர் 24 அன்று எடுத்த அந்தப் புகழ்பெற்ற பூமி உதயப் படம், நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பல்லோ 8 கலத்திலிருந்து எடுத்தது. கலம் நகர்ந்ததால் பூமி எழுந்தது. பில் ஆண்டர்ஸ் முதலில் கறுப்பு வெள்ளையில் ஒன்று எடுத்துவிட்டு, அவசர அவசரமாகக் கலர் ஃபிலிம் கேட்டு வாங்கி மாட்டினார். தரையிறங்க இடம் தேடப் போனவர்கள் பூமியைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

வாசகர், சேலம்: எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்தது என்று என் மாமா அடித்துச் சொல்கிறார்.

1969இல் ஆம்ஸ்ட்ராங் இறங்கியபோது சோவியத்தின் லூனா 15 கலமும் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. பொய்யாக இருந்தால் முதலில் கத்தியிருப்பவர்கள் அவர்கள்தான். அப்புறம், நம் சந்திரயான்-2 சுற்றுக்கலத்தின் கேமராவே அப்பல்லோ 11 விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பகுதியைப் படம் எடுத்திருக்கிறது. அதை மாமாவிடம் காட்டுங்கள்.

பொறியாளர், கோவை: நிலா பூமியைப் பாதிக்கிறது, சரி. பூமி நிலாவை ஏதாவது செய்கிறதா?

அருமையான கேள்வி. அப்பல்லோ விட்டுவந்த நில அதிர்வுமானிகள் 1977 வரை வேலை செய்தன. தரைக்குக் கீழே 700 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் அதிர்வுகள் ஒரே இடங்களில், மாதச் சுற்றின் ஒழுங்கோடு வருவதை அவை பதிவு செய்தன. பூமியின் இழுப்பு கூடிக் குறைவதற்கு ஏற்ப நிலாவின் உள்ளே பாறை அதிர்கிறது.

அதைவிட வியப்பு துரு. காற்றில்லாத நிலாவில் இரும்பு துருப்பிடிக்கக் கூடாது. ஆனால் சந்திரயான்-1 தந்த தரவில் துருவப் பக்கங்களில் ஹெமடைட் என்ற துரு வகை இரும்புக் கனிமம் இருப்பதை 2020இல் கண்டார்கள், அதுவும் பூமியைப் பார்க்கிற பக்கத்தில் அதிகமாக. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வால்போல நீண்டிருக்கும் பூமியின் காந்தப்புலம் வழியே நம் வளிமண்டலத்து ஆக்சிஜன் அங்கே போய்ச் சேர்வதுதான் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அப்படி ஆக்சிஜன் போவதை ஜப்பானின் ககுயா கலம் ஏற்கெனவே பதிவு செய்திருந்தது.

மாணவி, திருச்சி: சந்திரயான்-3 தென்துருவத்தில்தானே இறங்கியது?

துருவத்தில் இல்லை, தென்துருவப் பக்கம். 2023 ஆகஸ்ட் 23 அன்று ஏறக்குறைய 69 பாகை தெற்கில் இறங்கியது. துருவம் அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். அதனால் சாதனை குறையவில்லை, அவ்வளவு தெற்கே அதற்கு முன் யாரும் பத்திரமாக இறங்கியதில்லை. அதன் வெப்பமானி மண்ணைக் குத்திப் பார்த்தது: மேலே 50 பாகை செல்சியஸுக்கும் அதிகம், வெறும் 8 சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10. நிலா மண் அவ்வளவு நல்ல வெப்பத் தடை.

ஓய்வுபெற்ற ஊழியர், மதுரை: ரோபோவே இவ்வளவும் செய்யும்போது மனிதர் எதற்கு ஐயா?

1972 டிசம்பரில், கடைசிப் பயணத்தில், ஹாரிசன் ஷ்மிட் என்ற ஜியாலஜிஸ்ட் நடந்துகொண்டிருந்தார். நிலாவுக்குப் போன ஒரே ஜியாலஜிஸ்ட் அவர். காலடியில் சாம்பல் மண்ணுக்குக் கீழே ஆரஞ்சு நிறம் தெரிந்ததும் அங்கேயே நின்று, பள்ளம் தோண்டி, மாதிரி எடுத்தார். எரிமலை கக்கிய நுண்ணிய கண்ணாடி மணிகள் அவை. 2008இல் அப்பல்லோ கொண்டுவந்த இத்தகைய மணிகளை மறுபடி ஆராய்ந்தபோது உள்ளே நீரின் தடயம் கிடைத்தது. அதுவரை நிலா எலும்பாகக் காய்ந்தது என்றே நம்பியிருந்தோம். திட்டத்தில் இல்லாததைப் பார்த்து நிற்கிற கண் ரோபோவுக்கு இன்னும் வரவில்லை. செலவு, ஆபத்து இரண்டும் தெரிந்தே சொல்கிறேன், ஆள் போகத்தான் வேண்டும்.

பத்தாம் வகுப்பு மாணவன், ஈரோடு: அவர்கள் இறங்கிய இடத்தை வீட்டிலிருந்து பார்க்க முடியுமா?

கலத்தைப் பார்க்க முடியாது, எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும். இடத்தைப் பார்க்கலாம். வளர்பிறை அஷ்டமி மாலையில் ஒரு சாதாரண பைனாகுலர் போதும். ஒளிரும் பாதியில், நம் வானத்தின் மேற்குப் பக்க விளிம்பை ஒட்டித் தனியாக ஒரு சிறிய கரும்திட்டு இருக்கும். அதற்கு உள்பக்கமாக உள்ள பெரிய கரும்திட்டு அமைதிக் கடல். நிலா வரைபடத்தின்படி அதன் தென்மேற்கு ஓரத்தில்தான் அப்பல்லோ 11 இறங்கியது. நிலா வரைபடத்தின் மேற்கு நம் வானத்தின் கிழக்குப் பக்கம் வரும், குழம்பிவிடாதே. அடுத்த நாளும் பார், வெளிச்சக் கோட்டை ஒட்டி அபெனைன் மலைத்தொடர் பளிச்சென்று தெரியும். அந்த வெள்ளைக் கல் கிடைத்தது அந்த மலையடிவாரத்தில்தான்.