தம்பி செய்தது தப்புதான், அதற்காகக் கையை உடைக்கலாமா?

மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"எங்கள் ஊர்த் திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சி நடந்தது. என் தம்பி குடித்துவிட்டு மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கிச் சத்தம் போட்டான். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸார் அவனைக் கீழே இறக்கி, இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் லத்தியால் அடித்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்காரவைத்து, காலையில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். பயந்துபோய் தனியார் ஆஸ்பத்திரியில் பைக்கில் விழுந்ததாகச் சொல்லி மாவுக்கட்டுப் போட்டோம். ஆறு நாளாகிவிட்டது. புகார் கொடுத்தால் அவன்மேல்தான் கேஸ் பாயும் என்கிறார்கள். அப்படி அடிக்க அவர்களுக்கு உரிமை உண்டா? நாங்கள் என்ன செய்யலாம், மேடம்?"

சட்டம் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை இன்றைக்கே செய்துவிடுங்கள். தம்பியை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய், போலீஸ் லத்தியால் அடித்ததில் ஏற்பட்ட காயம் என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். பைக்கில் விழுந்ததாக முன்பு சொன்னது பயத்தால்தான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், அதை மறைத்தால் பின்னால் நீதிமன்றத்தில் அந்த ஒரு வரியை வைத்தே உங்களைப் பொய்யர் ஆக்கிவிடுவார்கள். ஏ.ஆர். பதிவு (காயத்தைக் குறித்துவைக்கும் ஆஸ்பத்திரிப் பதிவேடு) போடச் சொல்லி, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். முதலில் எடுத்த எக்ஸ்ரே பிலிமும் சீட்டுகளும் பத்திரமாக இருக்கட்டும். முதுகிலும் தொடையிலும் லத்தித் தடம் பட்டிருந்தால் ஆறாவது நாளிலும் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும், பகல் வெளிச்சத்தில் முகமும் தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். என்னிடம் வருகிற இந்த மாதிரி வழக்குகளில் பாதி நியாயம் இல்லாமல் தோற்பதில்லை, முதல் நாள் காகிதம் இல்லாமல்தான் தோற்கிறது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தம்பியை மேடையிலிருந்து இறக்கப் போலீஸுக்கு உரிமை உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 172 என்று ஒரு புதுப் பிரிவு இருக்கிறது. குற்றத்தைத் தடுக்கப் போலீஸ் சொல்லும் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்படாதவரை அங்கிருந்து அகற்றலாம், பிடித்துவைக்கலாம், சின்ன விவகாரமாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்கிறது அது. கைது செய்யும்போது ஒருவர் திமிறினால் தேவையான வழியைக் கையாளலாம் என்று 43ஆம் பிரிவும் சொல்கிறது. நம் தென்மாவட்டங்களில் ஆடல் பாடலுக்கு அனுமதி தரும்போதே சாதி, மதம், கட்சி சம்பந்தமாகப் பாட்டோ பேச்சோ கூடாது என்று நிபந்தனை போடுகிறார்கள், ஏனென்றால் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தவன் சொல்லும் ஒரு வார்த்தை இரண்டு தெருக்களை மோதவிட்டுவிடும். பெரிய கூட்டத்துக்கு நடுவில் நாலைந்து பேராக நிற்கும் போலீஸார் அவசரப்பட்டது எனக்குப் புரிகிறது. இழுத்து இறக்கும்போது கை பிசகியிருந்தால்கூட நான் இவ்வளவு அழுத்தமாக எழுதமாட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் "இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள" என்று நான்கு சொற்கள் இருக்கின்றன. வழக்கு முழுக்க அந்த நான்கு சொற்களில்தான் நிற்கிறது. பிடித்தாயிற்று, இறக்கியாயிற்று, மைக்கும் திரும்பிப் போயிற்று என்றால் பலம் காட்டுவதற்கான காரணம் அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது. கைதானவர் தப்பிக்காமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் ஒரு கட்டுப்பாடும் கூடாது என்று 46ஆம் பிரிவு சொல்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு அடிப்பது தண்டனை, தண்டிக்கும் அதிகாரம் போலீஸுக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது. குடிபோதையில் பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவு விதிக்கும் அதிகபட்ச தண்டனை என்ன தெரியுமா? 24 மணி நேரச் சிறை, 1,000 ரூபாய் அபராதம், இரண்டுமோ அல்லது சமூக சேவையோ, அவ்வளவுதான். எலும்பு முறிவோ அதே சட்டத்தில் கொடுங்காயம், வேண்டுமென்று விளைவித்தால் 7 ஆண்டு வரை சிறை. உங்கள் தம்பியின் தப்பையும் அவனுக்குச் செய்யப்பட்டதையும் சட்டம் எப்படி எடைபோடுகிறது என்று இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

"கூட்டத்தைக் கலைக்கத் தடியடி நடத்தினோம், அதில் பட்டது" என்று போலீஸ் தரப்பில் சொல்ல வாய்ப்பிருக்கிறது. அதற்கான பதிலையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவில் வருகிறது. அதற்குச் சட்டவிரோதக் கூட்டமோ, அமைதியைக் கெடுக்கக்கூடிய ஐந்து பேருக்குக் குறையாத கூட்டமோ இருக்க வேண்டும். நிர்வாக நடுவரோ (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்), ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது சப் இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவரோ முதலில் கலைந்துபோகச் சொல்ல வேண்டும், சொல்லியும் கலையாமல் இருந்தால்தான் பலம் காட்டலாம். தனி ஆளாக ஆடிய ஒருவன் கூட்டம் ஆகமாட்டான். உண்மையிலேயே கூட்டம் கூடிய இடத்தில்கூட உச்ச நீதிமன்றம் போலீஸைக் கேள்வி கேட்டிருக்கிறது. 2011 ஜூன் மாதம் டெல்லி ராம்லீலா மைதானத்தில் உண்ணாவிரதப் போராட்டத்துக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்தவர்களை நள்ளிரவில் விரட்டியடித்த வழக்கில், 2012இல் இறந்தவர் குடும்பத்துக்கும் காயம்பட்டவர்களுக்கும் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, அதேசமயம் ஏற்பாடு செய்த அறக்கட்டளையின் மேலும் தவறு உண்டென்று அந்தத் தொகையில் கால் பங்கை அதன் தலையில் போட்டது. ஒரு பக்கத்தின் தப்பு இன்னொரு பக்கத்தின் அத்துமீறலைக் கழுவிவிடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். 2016இல் அனிதா தாக்கூர் வழக்கிலும், போராட்டக்காரர்கள் முதலில் கல்லெறிந்திருந்தாலும், நிலைமை கைக்குள் வந்த பிறகும் அடித்தது அளவுமீறிய செயல் என்று அதே நீதிமன்றம் சொன்னது. உங்கள் வக்கீலிடம் முதலில் இந்தத் தீர்ப்பை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பிடிபட்டவன் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வந்தால் அதைப் பகிர்ந்து பாராட்டுகிற பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. உங்கள் ஊரிலும் "நல்லா வேணும்" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அதைக் கேட்டுக்கேட்டு, புகார் கொடுக்கவே தகுதியில்லை என்று நீங்களே நினைத்துவிடாதீர்கள்.

கேஸ் வருமா என்றால், வரலாம். ஒளித்துச் சொல்லமாட்டேன். நியாய சன்ஹிதாவின் 355 போடலாம், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதாக அதே சட்டத்தின் 132 போடலாம், அது 2 ஆண்டு வரை போகும் பிரிவு. ஆனால் ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு உங்கள் புகாருக்கு மறுநாள் அப்படி ஒரு கேஸ் வந்தால், "முதல் நாளே ஏன் போடவில்லை, காலையில் ஏன் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினீர்கள்" என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இனிமேல் தம்பியை எந்தக் காகிதத்திலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

புகாரை அதே ஸ்டேஷனில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கேளுங்கள். தரவில்லையென்றால் அங்கே நின்று சண்டை போடாமல், மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) அதற்கு வழி தருகிறது. அங்கும் நகரவில்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அரசு ஊழியர் மேல் வழக்கு என்பதால் அரசின் முன் அனுமதி வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் 218ஐ எடுத்துப் போடுவார்கள், தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டத்தின் 53ஆம் பிரிவைக் காட்டி 3 மாதத்துக்குள் வரவில்லை என்றும் வாதாடுவார்கள், ஆகவே நாளைக் கடத்தாமல் இப்போதே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். இதோடு சேர்த்து மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மனு போடலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் தீர்ப்பு சொன்ன பிறகு அதற்கு வலு கூடியிருக்கிறது. சாதாரணக் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்லும் வழியும் இதுதான், கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலேயே மனு எழுதலாம்.

வீடியோதான் சீக்கிரம் காணாமல் போகும் பொருள். விழாக் கமிட்டி வீடியோகிராபர் வைத்திருப்பார்கள், யூடியூபில் நேரலைகூடப் போயிருக்கும், அந்த இணைப்பை இன்றைக்கே எடுத்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த காப்பியைவிட, எடுத்தவரின் போனில் இருக்கும் மூலப் பதிவுக்குத்தான் மதிப்பு, அவரையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஸ்டேஷன் கேமரா பதிவுகளை நீண்ட காலம் சேமித்துவைக்க வேண்டும் என்று 2020இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அந்த ராத்திரிப் பதிவை அழிக்கக் கூடாது என்று எஸ்.பி.க்கு அனுப்பும் புகாரிலேயே நாளும் நேரமும் போட்டு எழுதிவிடுங்கள்.

புகார் எழுதும்போது தம்பி குடித்திருந்ததையும் மைக்கைப் பிடுங்கியதையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். எத்தனை மணிக்கு இறக்கினார்கள், யார் எந்தக் கையைப் பிடித்தார்கள், அடி எங்கெங்கே விழுந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று அதற்கப்புறம் வரிசையாக வரட்டும். போலீஸார் பெயர் தெரியாவிட்டால் அடையாளம் சொன்னால் போதும், அன்றைக்கு யார் யாருக்குப் பந்தோபஸ்து டூட்டி என்பது அவர்களின் பதிவேட்டிலேயே இருக்கும்.