மாஸி 1035, மஹிந்திரா 575, எச்எம்டி 3522: பழைய வண்டியில் எந்த கியர்பாக்ஸை நம்பலாம்?

பாலக்கோடு பக்கம் நாலரை ஏக்கர், தக்காளியும் கேழ்வரகும் நிலக்கடலையும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று பழைய டிராக்டர்களும் விலைக்கு வந்திருக்கின்றன, கியர்பாக்ஸ் செலவு வைக்காத வண்டி எது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலத்துக்கு மாஸி 1035 போதும். ஆனால் அந்த மாடலை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். இதுவரை அந்த வண்டி என்ன வேலை செய்தது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2012-ல் அப்பாவும் நானும் ஒரு பழைய டிராக்டர் வாங்கினோம். “உழவு மட்டும்தான் ஓட்டினேன்” என்றார் விற்றவர். இன்ஜின் நன்றாக இருந்தது, புகை இல்லை, வாங்கிவிட்டோம். அந்த வருடமே மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு காவேரிப்பட்டணம் போகும்போது, ஒரு இறக்கத்தில் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பின்னால் டிரெய்லர் தள்ளுகிறது. அப்பா பிரேக்கை மிதித்தார். இரண்டு பிரேக் பெடலையும் இணைக்கும் கொக்கியைப் போடாமல் விட்டிருந்தோம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து, வண்டி திரும்பி ஒரு வரப்பில் ஏறி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. அன்று அப்பாவின் கை நடுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

மெக்கானிக் அண்ணன் வண்டியை நடுவில் பிரித்துக் காட்டினார். கியரை நகர்த்தும் போர்க் தேய்ந்து மெலிந்திருந்தது. பல்சக்கரத்தின் முனைகள் மழுங்கியிருந்தன. “இது வருஷக்கணக்கா செங்கல் லோடு அடிச்ச வண்டி தம்பி” என்று சொல்லிவிட்டு, பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கியைக் காட்டினார். இரும்பு பின்னைச் செருகும் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது. வாங்கும்போது அது எங்கள் கண் முன்னால்தான் இருந்தது, பார்க்கத் தெரியவில்லை. நீங்கள் முதலில் அந்தத் துளையைப் பாருங்கள். அடுத்து பின் டயர்: பட்டைகளின் நடுப்பகுதி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் அது ரோட்டில் ஓடிய வண்டி.

லோடு வண்டியில் கியர்பாக்ஸ் ஏன் சீக்கிரம் போகிறது என்றால், பழைய டிராக்டர்கள் பலவற்றில் இருப்பது ஸ்லைடிங் மெஷ் அமைப்பு. பல்சக்கரமே தண்டின் மேல் நகர்ந்து அடுத்த சக்கரத்தோடு சேர வேண்டும். வயலில் வண்டியை நிறுத்திக் கியர் போடுவோம், அதனால் பல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. ரோட்டில் லாரி மாதிரி ஓட்டத்திலேயே மாற்றும்போது, ஒவ்வொரு முறையும் பல்லின் முனை கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது. கான்ஸ்டன்ட் மெஷ் என்ற இன்னொரு அமைப்பில் சக்கரங்கள் எப்போதும் சேர்ந்தே சுற்றும், நடுவில் உள்ள கப்ளர் மட்டும்தான் நகரும். தவறாக ஓட்டினாலும் அது கொஞ்சம் தாங்கும்.

மாஸி 1035 ஸ்லைடிங் மெஷ்தான். 36 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். பழைய மாடலில் முன்னால் 6, பின்னால் 2 கியர். இதை நம் பக்கத்து மெக்கானிக்குகள் பலர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பார்கள், சாமானும் சுலபமாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இதில் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் பம்ப் கியர் ஆயிலிலேயே மூழ்கி இருக்கிறது. சேற்றுழவில் தண்ணீர் உள்ளே போயிருந்தால் கியர், லிஃப்ட் இரண்டுமே கெடும். தென்பெண்ணைப் பாசனப் பக்கம் நெல் வயலில் ஓடிய வண்டி என்றால் இதைக் கட்டாயம் சோதியுங்கள்.

மஹிந்திரா 575 நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 45 குதிரைத்திறன், நாலு சிலிண்டர். நாலரை ஏக்கருக்கு டீசல் வீண். வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். எச்எம்டி வேண்டாம். இரும்பு கெட்டியானதுதான், எங்கள் மாமா வீட்டில் ஒன்று நன்றாக உழைத்தது. ஆனால் எச்எம்டியின் பிஞ்சோர் டிராக்டர் தொழிற்சாலையை மூட 2016-லேயே மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. ஒரு பினியன் (சின்னப் பல்சக்கரம்) போனால், சாமானுக்காகப் பழைய இரும்புக் கடை ஏறி இறங்கும் நேரத்தில் விதைப்புப் பருவம் போய்விடும்.

சரி, வண்டியைச் சோதிப்பது எப்படி? காலையில், வண்டியைக் கிளப்பும் முன்பே போய்விடுங்கள். கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது அடியில் தங்கி முதலில் சொட்டும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலும் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். மை மாதிரி ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். துணுக்கு துணுக்காக ஒட்டினால் பல் உடைந்திருக்கிறது.

அப்புறம் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். சத்தத்தை அமுக்கக் கெட்டியான ஆயில் ஊற்றி வைப்பவர்கள் உண்டு, அது சூடாகி இளகிய பிறகுதான் கியர்பாக்ஸின் உண்மையான சத்தம் வரும். டிரெய்லர் மாட்டி ஒரு சின்ன இறக்கத்தில், பிரேக் பெடல்களை இணைத்துக்கொண்டு, ஒவ்வொரு கியராகப் போட்டு ஆக்சிலேட்டரை விடுங்கள். கியர் லிவரைப் பிடிக்காதீர்கள். லிவர் நடுங்கினாலோ கழன்றாலோ வேலை இருக்கிறது. கியரைக் கழலாமல் பிடித்துவைக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் மட்டும் போயிருந்தால் சின்னச் செலவு, பல்லும் தண்டும் போயிருந்தால் பெரிய செலவு. பிரிக்காமல் அதைச் சொல்ல முடியாது, அதனால் விலையைப் பெரிய செலவை வைத்தே பேசுங்கள்.

கியர் போடும்போது கரகரவென்றால் உடனே கியர்பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். கிளட்சை முழுதாக மிதித்து, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் பெரும்பாலும் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை, சில நேரம் பெடலின் அளவைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடும்.

ஆர்சியில் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். விற்பவர் பிளக்கைத் திறக்க ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். இந்தப் பருவத்து உழவுக்கு உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்குப் பதிவு செய்துகொண்டு, அடுத்த வண்டியை நிதானமாகத் தேடலாம்.