மோதிரம் ஒருவர் மட்டும்தான் போடணுமா?

கேள்வி: யூதத் திருமணத்தில் மாப்பிள்ளைதான் மோதிரம் போட்டு உறுதிமொழி சொல்வாராம், பெண் பேசாமல் நிற்பாராம். சமத்துவம் பேசும் யூதர்கள் இதை எப்படி ஏற்கிறார்கள்? (ஒரு வாசகி)

பதில்: பலர் ஏற்பதில்லை. பழைய சட்டப்படி மணமகன் ஒரு பொருளைக் கொடுத்து மணமகளைத் தனக்கென்று ஆக்கிக்கொள்கிறார், விவாகரத்துப் பத்திரம் கொடுப்பதும் அவர் கையில்தான். அவர் மறுத்தால் அவள் வருடக்கணக்கில் மறுமணம் செய்ய முடியாமல் கிடக்க வேண்டியதுதான். மோதிரத்தைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்க இறையியலாளர் ரேச்சல் ஆட்லர் 1998இல் வேறு வழி காட்டினார். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான தால்முத்திலேயே தொழில் கூட்டாளிகளுக்கான சட்டம் இருக்கிறதே, அதைக் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தார். இருவரும் ஆளுக்கொரு பொருளை, மோதிரமோ பாட்டி வைத்திருந்த கைக்கடிகாரமோ, ஒரே பையில் போட்டு இரண்டு பேருமாகச் சேர்ந்து தூக்குகிறார்கள். பை மேலே எழும்பியதும் உள்ளே இருப்பது இருவருக்கும் பொது, கூட்டு தொடங்கிவிட்டது. முறிக்கும் உரிமையும் இருவருக்கும் உண்டு.

சரி, மரபு என்னாகும்? பந்தல், ஏழு ஆசீர்வாதம், கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பது எல்லாம் அப்படியே இருக்கும். மணமகள் மணமகனை ஏழு முறை சுற்றும் வழக்கத்தைச் சிலர் அழகாக மாற்றிக்கொள்கிறார்கள்: அவள் மூன்று, அவன் மூன்று, கடைசிச் சுற்று கைகோத்து இருவருமாக.