நீச்சல் குளத்தில் ஸ்நோர்கல் போட்டால் கழுத்து வலி குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 49. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) குடியிருக்கிறோம். முழங்கால் தேய்மானத்துக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதால், வாரத்தில் மூன்று நாள் ஃபிரீஸ்டைல் நீந்துகிறேன். வலப்பக்கம் திரும்பியே மூச்செடுத்து இப்போது கழுத்து பிடித்துக்கொள்கிறது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே வாயால் மூச்சுவிட ஒரு குழாய் இருக்கிறதே, ஸ்நோர்கல், பெர்ஹெந்தியான் தீவுக்குப் போனபோது வாங்கிய அதைப் போட்டுப் பார்த்தேன். மூக்கில் தண்ணீர் ஏறி, பயந்து எழுந்துவிட்டேன். "இதெல்லாம் ஏமாற்று வேலை, உடற்பயிற்சியே ஆகாது" என்று மகன் வேறு கிண்டல் செய்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மகனுக்குச் சொல்லிவிடுகிறேன். பந்தயத்தில் ஸ்நோர்கலுக்கு அனுமதி இல்லை என்பது உண்மைதான். பயிற்சியில் கதையே வேறு. போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளின் பையில் கிக் போர்டுக்கு (கையில் பிடித்துக் காலை மட்டும் உதைத்துப் பழகும் மிதவைப் பலகை) பக்கத்தில் ஸ்நோர்கலும் இருக்கும். கை, கால், நெஞ்சு செய்கிற வேலை எதுவும் குறைவதில்லை. மூச்சுக்காகத் தலையைத் திருப்பும் ஒரு வேலையை மட்டும்தான் அது நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

ஆனால் நீங்கள் போட்டது தவறான ஸ்நோர்கல். தீவில் மீன் பார்க்க விற்பது காதோரம் மாட்டுவது. ஃபிரீஸ்டைலில் உடம்பு இரு பக்கமும் உருளும்போது அது ஆடும், கை தட்டும். சிலவற்றில் மேல்நுனியில் ஒரு மூடி இருக்கும். தண்ணீர் தெறித்தால் அது பட்டென்று மூடிக்கொள்ளும், மூச்சு பாதியில் நிற்கும். குளத்துக்கு என்று தனியாக வருவது மூக்குக்கு நேராக ஏறி, நெற்றியில் ஒரு பட்டையில் அமர்ந்து, தலைக்கு மேல் போகும். விளையாட்டுச் சாமான் கடையில் நீச்சல் பயிற்சி ஸ்நோர்கல் என்று கேளுங்கள். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் வேண்டவே வேண்டாம். லேப் (குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை) நீந்துவதற்கு அது ஏற்றதல்ல. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் பட்டை வழுக்கும். தொப்பி போட்டு, அதன் மேல் மாட்டுங்கள்.

மூக்கு விஷயத்துக்கு வருவோம். அநேகமாக எல்லோரும் முதல் நாள் தடுமாறுவது இங்கேதான். நீச்சல் கண்ணாடி மூக்கை மூடாது. வாயால் இழுக்கும்போது பழக்கமில்லாதவர்கள் மூக்காலும் சேர்த்து இழுத்துவிடுவார்கள். வெட்கப்படாமல் ஒரு மூக்கு கிளிப் வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, குளத்தின் விளிம்பைப் பிடித்து, முகத்தை மட்டும் உள்ளே விட்டு, நீந்தாமல் மூச்சு விடுங்கள். இது சலிப்பாகிற அளவுக்குப் பழக வேண்டும். பிறகு வேண்டுமென்றே குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ‘தூ’ என்று துப்புவது போல ஒரே வேகத்தில் ஊதித் தள்ளுங்கள். உள்ளே களகளவென்று சத்தம் கேட்டால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த மூச்சை மெதுவாக எடுத்து மறுபடி ஊதுங்கள். இது கைவந்த பிறகு பயம் தானாக விட்டுப்போகும். அப்புறம் கிக் (கால் உதைப்பு) மட்டும், அதற்கும் பிறகுதான் கை வீச்சு.

மூச்சை ஆழமாக, நிதானமாக விடுங்கள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உள்விட்டம் 2 சென்டிமீட்டர், நீளம் 40 சென்டிமீட்டர் உள்ள குழாயில் ஏறக்குறைய 125 மில்லிலிட்டர் காற்று நிற்கும். நாம் வெளியே விட்டதில் கடைசியாக வந்த பழைய காற்று அது. அடுத்த இழுப்பில் முதலில் உள்ளே போவதும் அதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சு சுமார் 500 மில்லிலிட்டர். அதிலேயே 150 தொண்டையிலும் காற்றுக்குழாயிலும் நின்றுவிடும். பயத்தில் சின்னச் சின்னதாக மூச்சு வாங்கினால் பழைய காற்றே போய்வந்துகொண்டிருக்கும். தலைவலித்தால், கிறுகிறுத்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் வாங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, கழுத்து. என் அனுபவத்தில் பலருக்கு வலி வருவது தலையைத் திருப்புவதால் மட்டும் அல்ல, தூக்குவதால்தான். தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்திருப்பார்கள். முகம் வெளியே வந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். நேரம் போதாமல் தலை மேலே எழும்பும், இடுப்பு தாழும், கழுத்து இறுகும். ஸ்நோர்கல் போட்டால் முகம் உள்ளே இருக்கும்போதே விடுவதற்குப் பழகிவிடலாம். தலை சரியாக இருக்கிறதா என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும்: முன்னால் பார்த்தால் குழாய் பின்பக்கம் சாயும், தாடையை நெஞ்சோடு ஒட்டினால் முன்பக்கம் சாயும், இரண்டிலும் தண்ணீர் வரும். நேர்கீழே தரையைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: தலை அசையவில்லை என்பதற்காக உடம்பையும் பலகையாக வைத்துக்கொள்ளக் கூடாது. தோள்கள் இரு பக்கமும் உருள வேண்டும். பிறகு ஸ்நோர்கலைக் கழற்றும்போது அந்த உருளலோடு சேர்ந்துதான் வாய் வெளியே வரும்.

கழற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி. முதல் இரண்டு வாரம் ஆறு லேப் அதோடு, இரண்டு லேப் இல்லாமல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வாருங்கள். இல்லாமல் நீந்தும் லேப்களில் இடப்பக்கமும் மூச்செடுத்துப் பழகுங்கள். ஒரு மாதம் தடுமாறும், அவ்வளவுதான். கழுத்து எலும்புத் தேய்மானத்தால் திரும்பவே முடியாதவர்கள் காலம் முழுக்க ஸ்நோர்கலோடு நீந்தலாம், தப்பில்லை. கை மரத்துப்போனால் அல்லது வலி விரல் வரை இறங்கினால் நீச்சலை நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். வலிக்குப் பயந்து, தலையை வெளியே தூக்கி வைத்துக்கொண்டு தவளை நீச்சலுக்கு மாறாதீர்கள். கழுத்துக்கு அது இன்னும் கெடுதல்.

கொண்டோ குளத்தில் சில தொல்லைகள் உண்டு. புக்கிட் ஜாலில் தேசிய நீச்சல் மையத்தில் இருப்பது போல 50 மீட்டர் குளமும், கோடு போட்ட தடங்களும் இங்கே கிடைக்காது. நீங்கள் தரையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எதிரே பிள்ளைகள் குதிப்பது தெரியாது. சுவரோரமாக, கூட்டமில்லாத நேரத்தில் நீந்துங்கள். சுவருக்கு வந்ததும் குட்டிக்கரணம் போடாமல் கையால் தொட்டுத் திரும்புங்கள், குழாய் மேலேயே இருக்கும். பல கொண்டோக்களில் உயிர்க்காப்பாளர் கிடையாது, அதனால் யாராவது கரையில் இருக்கட்டும். பிற்பகல் நீச்சல் என்றால் இன்னொன்றும்: தலையே தூக்காமல் போவதால் வானம் கறுப்பது தெரியாது. இரண்டு மூன்று லேப்புக்கு ஒரு முறை நின்று பாருங்கள். இடி கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

நீந்தி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, குழாயை நிமிர்த்திக் காய வையுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் இந்த ஊர் வெக்கையில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வாயில் கடிக்கும் பகுதிதான் முதலில் கிழியும். அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.