ஜாடியைச் சுற்றும் பழ ஈ

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். அங்கே வீட்டுத் தேவைக்கு வைன் போட்டுக்கொள்ளத் தடையில்லை என்பதால், கிறிஸ்துமஸுக்கு அவளே திராட்சை வைன் போடுகிறாள். இரண்டு ஆண்டுகளாகப் பொடிக் கொசுக்கள் மொய்த்து, ஒரு ஜாடி முழுவதும் புளித்துக் காடியாகிவிட்டது, அதாவது வினிகராகிவிட்டது. நான் இங்கே ஊறுகாய்க்காகத் திராட்சைக் காடி போடுகிறேன். எனக்கும் அதே கொசுத் தொல்லை. இருவருக்கும் பொருந்தும் வழி ஒன்று சொல்வீர்களா? அவளைப் போல நானும் இங்கே வைன் போடலாமா?
– வாசகி, தோட்டப்பாளையம், வேலூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடக்கூடாது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, விற்பதற்காக இல்லாமல் வீட்டுக்குள் செய்தாலும், குற்றம்தான். நம் வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு மதுவிலக்கு 1939லேயே வந்தது. வைன் மகள் வீட்டில் இருக்கட்டும். நீங்கள் காடியோடு நில்லுங்கள்.

இனி ஈக்கு வருவோம். ஆம், ஈதான், நீங்கள் எழுதியிருப்பது போலக் கொசு அல்ல. கூர்ந்து பாருங்கள், சிவந்த கண்ணும் வெளிர்பழுப்பு உடலும் தெரியும். நீளம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இராது. இந்தப் பழ ஈயை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி ஆய்வகத்தில் நானே சோறூட்டி வளர்த்திருக்கிறேன். விலங்கியல் மாணவர்களுக்கு மரபியல் கற்பிக்க இதைவிட நல்ல உயிர் கிடையாது. ரவை, வெல்லம், அகர் மூன்றையும் களியாகக் கிளறிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றுவோம். ஆறியதும் மேலே ஈஸ்ட் தூவி, ஈக்களை விட்டு, வாயைப் பஞ்சால் அடைப்போம். பஞ்சு வழியாகக் காற்று போகும், ஈ போகாது. அடைப்பு சற்றுத் தளர்ந்தால் மறுநாள் காலையில் ஆய்வகம் முழுவதும் ஈ பறக்கும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை பத்தே நாளில் ஈயாகிவிடும். ஆகவே உங்கள் சமையலறையில் நீங்கள் பார்ப்பது விருந்தாளிக் கூட்டமல்ல, அங்கேயே பிறந்த குடும்பம். அந்தக் குடும்பம் எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

பெரும்பாலும் அது ஜாடிக்குள் இருப்பதில்லை. பிழிந்த சக்கையில் இருக்கும். குப்பைக் கூடையின் அடியில் ஒட்டிய தோலில், வடிகட்டிய துணியில், தொட்டியின் நீர்ப்போக்கியில் இருக்கும். சக்கையைப் பிழிந்த அந்த மணி நேரத்திலேயே வெளியேற்றிவிடுங்கள். தோட்டம் இருந்தால் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். இல்லாவிட்டால் இறுகக் கட்டி வெளியே வையுங்கள். வடிகட்டிய துணியைக் கொதிநீரில் போடுங்கள். இதைத்தான் என் அனுபவத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜாடிக்கு மூன்று சுற்றுத் துணி கட்டிவிட்டு, சக்கை வாளியை அதன் பக்கத்திலேயே திறந்து வைத்திருப்பார்கள்.

பழத்தோடும் ஈ வரும். நேதாஜி மார்க்கெட்டில் நீங்கள் வாங்குவது கம்பத்துப் பன்னீர் திராட்சை என்றால் அதன் தோல் மெல்லியது, எளிதில் வெடிக்கும். வெடித்த இடத்தில்தான் ஈ முட்டையிடும். அந்த முட்டை அரை மில்லிமீட்டர் நீளந்தான் இருக்கும், கண்ணுக்குத் தட்டுப்படாது. வெடித்ததையும் காம்பு கழன்றதையும் இரக்கமில்லாமல் ஒதுக்குங்கள். மீதியை நன்றாக அலசி, துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்துவிட்டுச் சேருங்கள்.

இருவருக்கும் ஒரே வழி கேட்டீர்கள். மேலே சொன்ன துப்புரவு வரை ஒரே வழிதான். அதற்குப் பிறகு உங்கள் வழி வேறு, மகள் வழி வேறு. வைனைக் காடியாக்குவது ஈ அல்ல. ஈயின் காலிலும் வாயிலும் ஒட்டிவரும் ஒரு பாக்டீரியா. அதற்குக் காற்று வேண்டும். காற்று இருந்தால் அது மதுவை அசெட்டிக் அமிலமாக மாற்றும். 1860களில் லூயி பாஸ்டர் ஆராய்ந்து சொன்ன சங்கதி இது. மகளுக்கு அந்தக் கிருமி பகை, உங்களுக்கு அதுவே வேலையாள். ஆகவே அவள் காற்றை அடைக்க வேண்டும். நீங்கள் காற்றை விட்டு ஈயை மட்டும் தடுக்க வேண்டும்.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். முதல் நான்கைந்து நாள் நுரை பொங்கும்போது வாயகன்ற பாத்திரத்தில் இருக்கட்டும். நெருக்கமான நெசவுள்ள துணியை இரண்டாக மடித்து, எலாஸ்டிக் போட்டு இறுக்க வேண்டும். தோல்கள் மேலே மிதந்து ஆடை போல நிற்கும். அந்த ஆடையில்தான் புழு பிழைக்கும். காலையும் மாலையும் சுத்தமான மரக்கரண்டியால் அதை அமுக்கிவிட வேண்டும். பொங்கல் அடங்கியதும் வடித்து, கழுத்து குறுகிய புட்டியில் கழுத்துவரை நிரப்பி, நீர்ப்பூட்டு பொருத்த வேண்டும். உள்ளே உண்டாகும் கரியமில வாயு குமிழாக வெளியேறும். வெளிக்காற்றும் ஈயும் உள்ளே வர முடியாது. வளைந்த சிறு பிளாஸ்டிக் குழாய்தான் அது. அங்கே வைன் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். குழாயில் உள்ள தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. வற்றினால் பூட்டு திறந்த மாதிரிதான். அதே கடையில் கேம்ப்டன் மாத்திரை என்று கேட்டால் தருவார்கள். இங்கே ஸ்குவாஷ் கெடாமலிருக்கச் சேர்க்கும் மெட்டாபைசல்பைட்டின் இனம்தான். நான்கரை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்பது வழக்கம். இருமல், இழுப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அது வேண்டாம்.

உங்கள் காடிக்கு நீர்ப்பூட்டு ஆகாது, மூச்சு முட்டிவிடும். வாயகன்ற பீங்கான் ஜாடியே சரி. பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்து, ஜாடியின் கழுத்தில் நூலால் நாலு சுற்று சுற்றி இறுகக் கட்டுங்கள். கொசுவலையை நம்பவேண்டாம், இந்த ஈ அதன் கண்ணில் நுழைந்துவிடும். துணி காடியில் தோய்ந்தால் அன்றே மாற்றுங்கள். ஈரத் துணியின் மேலேயே அது முட்டையிடும், பொரிந்த பொடிப்புழு இழை வழியே உள்ளே இறங்கும்.

ஜாடியைத் திறக்கும் நேரத்தையும் பாருங்கள். பழ ஈ விடியலிலும் அந்திப் பொழுதிலும்தான் சுறுசுறுப்பாகத் திரியும். நடுப்பகலில் ஒடுங்கிக் கிடக்கும், இரவில் உறங்கும். இதே ஈயின் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தை ஆராய்ந்துதான் ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள். நாம் அந்த அறிவை வடிகட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். நான் மதியம் ஒரு மணிக்குத்தான் ஜாடியைத் திறப்பேன்.

பருவமும் முக்கியம். நம் ஊரின் மே மாதச் சூட்டில் ஆய்வகப் புட்டிகளில் முட்டை நிறைய இருக்கும், ஒன்றும் பொரியாது. 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஆண் ஈ மலடாகிவிடும். ஈர மணல் பரப்பிய தொட்டியில் புட்டிகளை வைத்துக் காப்பாற்றுவோம். மழை விழுந்து காற்று குளிர்ந்ததும் அவை பெருகுவதைப் பார்க்க வேண்டும்! கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதங்கள்தான் இங்கே ஈக்கு நல்ல காலம். உங்கள் காடியைக் கோடையில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழ ஈயைப் பிடிக்கக் கிண்ணத்தில் வினிகர் வைத்தேன். வந்து குடித்துவிட்டுப் போகின்றன. ஒன்றுகூட விழவில்லை. மருந்து அடிக்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உண்ணும் பொருள் இருக்கும் இடத்தில் மருந்து அடிக்கவே வேண்டாம். ஈ இலேசானது, வினிகரின் மேற்பரப்பு அதைத் தாங்கிக்கொள்கிறது. பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு ஒரு சொட்டு விட்டால் அந்தத் தாங்கும் தன்மை போய்விடும், உட்கார்ந்த ஈ மூழ்கும். கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றும் போடுங்கள். கிண்ணத்தை ஜாடிக்கு அருகில் வைக்காமல் குப்பைக் கூடைக்கு அருகில் வையுங்கள். ஜாடிப் பக்கம் நாமே அழைத்துவரக் கூடாது. முதல் வாரத்தில் ஈ குறையவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். முன்பே இட்ட முட்டைகள் பொரிந்து தீர வேண்டும். இரண்டு வாரம் வையுங்கள், இரண்டு நாளுக்கொரு முறை மாற்றுங்கள்.

கேள்வி: பெர்த் நகரில் அண்ணன் வீட்டில் போட்ட வைன் கிளாஸில் ஒரு பழ ஈ விழுந்தது. எடுத்தெறிந்த பிறகும் ஏதோ வாடை வந்ததாக அண்ணி சொல்கிறார். கற்பனைதானே?
– வாசகி, ஜோலார்பேட்டை

பதில்: கற்பனையல்ல, உங்கள் அண்ணியின் மூக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது. பெண் பழ ஈ வெளிவிடும் மணப்பொருள் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே, வைன் கிளாஸில் மனிதருக்குத் தெரிந்துவிடுகிறது என்று சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். ஆண் ஈயிடம் அந்த மணம் இல்லை. உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. அந்த ஒரு கிளாஸைக் கொட்டிவிடலாம். புட்டியில் மீதி இருப்பதை மூடி வைத்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிராது. திறந்தே இருந்திருந்தால், சிறிது ஊற்றி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.